இரை இல்லாத வலை

தியானப் பகுதி: லூக்கா 5:1-11, யாக்கோபு 1:13-15, 2 பேதுரு 2:12-19



மனுஷரைப் பிடிக்கும் ஊழியம் என்று நம் ஆண்டவர் பேதுருவிடம் குறிப்பிட்ட பணியைப்பற்றி நாம் அடிக்கடிப் பேசுகிறோம். அதைச் சித்திரமாக வரைய வேண்டுமானால், நம்மில் பெரும்பாலோர் ஒரு தூண்டில் முள்ளையும் அதை நோக்கி வரும் மீனையும் வரைந்துவிடுகிறோம். சுவிசேஷக் கூட்டங்களின் துண்டுப்பிரசுரங்களிலும் ஞாயிறு பள்ளிச் சுவர்களிலும் இந்தப் படத்தைக் கண்டிருப்பீர்கள். இந்தப் படம் தவறு என்பது என் கருத்து. படம் மட்டும் தவறாயிருந்தால் இந்த வாரம் இதைக்குறித்து எழுதியிருக்கமாட்டேன். அந்தப் படத்தின்படியே நம் ஊழியமும் மாறி வருவதாலேயே எழுதுகிறேன்.

கலிலேயாவின் மீன்பிடிப்பு

கலிலேயாக் கடல் உண்மையில் கடலன்று, நன்னீர் ஏரி. ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் உடையது. கடல்மட்டத்திற்குச் சுமார் 210 மீட்டர் கீழே கிடப்பது. லூக்கா அதைக் கெனேசரேத்து ஏரி என்றே சரியாகக் குறிப்பிடுகிறார். அங்கே நடந்தது பெரும்பாலும் வலைத்தொழில். பேதுருவும் அந்திரேயாவும் அழைக்கப்பட்ட நேரத்தில் அவர்கள் கையில் இருந்தது, மத்தேயு 4:18-இல் வரும் கிரேக்கச் சொல்லின்படி, வட்டமாக விரிந்து விழும் வீச்சுவலை. மத்தேயு 13:47-இல் பரலோக ராஜ்யத்திற்கு உவமையாகக் கூறப்படுவது பெரிய இழுவலை. உவரியிலும் பெரியதாழையிலும் கரையில் பலர் கூடி இழுக்கும் கரைவலையைக் கண்டவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

1986-ஆம் ஆண்டு, வறட்சியால் அந்த ஏரியின் நீர் வெகுவாக வற்றியபோது, கினோசார் அருகே சேற்றிலிருந்து முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு படகு கண்டெடுக்கப்பட்டது. அதன் நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகம். ஒருவர் தனித்துச் செலுத்தும் ஓடமன்று அது. பலர் சேர்ந்து துடுப்புப் போட்டு, சேர்ந்து வலை இழுத்த படகு. லூக்கா 5:7-இல் வலை கிழியத்தொடங்கியபோது பேதுரு செய்ததும் இதற்கு ஒத்திருக்கிறது: மற்றப் படகிலிருந்த கூட்டாளிகளைச் சைகை காட்டி அழைத்தார். தூண்டில் போட ஒருவன் போதும். வலைக்குக் கூட்டாளிகள் வேண்டும்.

புதிய ஏற்பாட்டில் தூண்டில் என்ற சொல் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது. மத்தேயு 17:27-இல், ஆலய வரிக்குரிய நாணயத்திற்காக, பேதுரு ஒரு தூண்டிலைப் போடும்படி அனுப்பப்படுகிறார். அங்கேயும் அகப்படுவது மீன்; மனிதனல்லன். இரையைப்பற்றி ஒரு சொல்லும் அவ்விடத்தில் இல்லை.

மற்றொரு பெரிய ஏரி

இரை வைத்துப் பிடிக்கும் கலை எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்பதை அறிய, வேறொரு பெரிய ஏரியைப் பார்ப்போம். வட அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி ஏறத்தாழ 490 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் கரையிலுள்ள சிகாகோவிலும் மில்வாக்கியிலும் நம் நெல்லைச் சீமைப் பிள்ளைகள் பலர் வேலை செய்கிறார்கள்; அங்கே கோடைக்காலத்தில் சால்மன் மீன்பிடிக்கச் செல்லும் படங்களையும் அனுப்புகிறார்கள். சால்மன் அந்த ஏரிக்குரிய மீனன்று. அட்லாண்டிக் கடலிலிருந்து கால்வாய்கள் வழியே நுழைந்த ஏல்வைஃப் என்னும் சிறுமீன் அங்கே அளவின்றிப் பெருகி, 1967-இல் பெருந்திரளாய்ச் செத்துக் கரையொதுங்கியது. அதைத் தின்று குறைக்கவும், மீன்பிடி விளையாட்டை வளர்க்கவும், பசிபிக் கடற்பகுதியைச் சேர்ந்த கோஹோ சால்மனை 1966-இலும் சினூக் சால்மனை 1967-இலும் மிச்சிகன் மாநிலத்தார் விட்டார்கள்.

அந்த மீனைப் பிடிக்கும் முறைக்கு ட்ரோலிங் என்று பெயர். நம் கடற்கரையில் சச்சரவுக்குக் காரணமாயிருக்கும் டிராலர் என்னும் இழுவைமடி விசைப்படகோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. அது அடிக்கடலை வாரும் வலை. இது ஓடும் படகின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் தூண்டில். தூத்துக்குடிப் பக்கம் சீலா என்றும் சென்னையில் வஞ்சிரம் என்றும் வழங்கும் நெய்மீனை, மன்னார் வளைகுடாவில் நம் மீனவரும் இம்முறையில் பிடிப்பதுண்டு. நெய்மீனின் பற்கள் கூரியவை. ஆகையால் முள்ளுக்கு மேலே கயிற்றுக்குப் பதிலாக ஒரு சாண் கம்பி கட்டுவார்கள்.

சால்மன் குளிர்ந்த நீரை நாடும் மீன். கோடையில் ஏரியின் மேல்நீர் சூடேறும்போது, ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரி வெப்பமுள்ள நீர் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அங்கே அது இறங்கிவிடும். மீன்பிடிப்பவர் முதலில் அந்த ஆழத்தைக் கருவியால் அளந்தறிகிறார். பின்பு நான்கைந்து கிலோ எடையுள்ள ஈயக்குண்டைக் கம்பியில் கட்டி அந்த ஆழத்திற்கு இறக்குகிறார். தூண்டில் கயிறு அந்தக் குண்டோடு ஒரு கவ்வியால் பிணைக்கப்பட்டிருக்கும். கயிற்றின் நுனியில் கரண்டிக் குழி போன்ற ஓர் உலோகத் தகடு. அதற்குச் சற்று முன்னால், நீரில் சுழன்று மின்னும் இன்னொரு தகடு. படகு மனிதன் நடக்கும் வேகத்தில், மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர், ஓடவேண்டும். வேகம் குறைந்தால் தகடு உயிரற்றுத் தொங்கும்; கூடினால் மிதமிஞ்சிச் சுழலும். சரியான வேகத்தில் அது காயம்பட்டுத் தவிக்கும் சிறுமீனைப் போலவே அசையும். சால்மன் பாய்ந்து கவ்வும். அப்பொழுது கவ்வி கயிற்றை விட்டுவிடும். ஈயக்குண்டுக்கும் அந்த மீனுக்கும் அதன்பின் தொடர்பில்லை.

இன்னொன்றும் உண்டு. இனப்பெருக்கத்திற்காக ஆற்றை நோக்கித் திரும்பும் காலத்தில் சால்மன் இரையெடுப்பதை நிறுத்திவிடுகிறது. அப்பொழுதும் அது தகட்டைக் கவ்வுகிறது. பசியில்லாத மீனும் தூண்டிலில் அகப்படும். சினமோ உரிமைப் போட்டியோ அதைத் தூண்டினால் போதும்.

மீன்பிடிப்பவரின் அறிவையும் பொறுமையையும் நான் குறை கூறவில்லை. மீன் உணவாகும்படி பிடிக்கப்படுவதில் பாவமில்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவரே கரையில் மீனைச் சுட்டுச் சீஷர்களுக்குக் கொடுத்தார். ஆனால் இந்த முறை முழுவதும் ஒரே ஒரு தத்துவத்தின்மேல் நிற்கிறது: மீனின் தேவையை நுட்பமாக அறிந்துகொள், அதைத் தீர்ப்பதுபோல் தோன்றுகிற, ஆனால் தீர்க்காத ஒன்றை அதன் முன்னால் ஓட்டு. மனிதரிடத்தில் இந்தத் தத்துவத்தைக் கையாளலாமா என்பதே நம் கேள்வி.

வேதம் இரையைப்பற்றிக் கூறுவது

கிரேக்க மொழியில் இரை வைத்துப் பிடிப்பதற்குத் தெலெயட்ஸோ என்று ஒரு வினைச்சொல் உண்டு. வேட்டைக்காரரும் மீனவரும் வழங்கிய சொல் அது. புதிய ஏற்பாட்டில் அது மூன்றே இடங்களில் வருகிறது. யாக்கோபு 1:14-இல், ஒருவன் தன் சொந்த இச்சையினால் இழுக்கப்பட்டுச் சிக்குவதைக் குறிக்கிறது. மற்ற இரண்டும் பேதுருவின் இரண்டாம் நிருபத்தில், 2:14-இலும் 2:18-இலும் வருகின்றன. இரண்டு இடங்களிலும் இரை வைப்பவர்கள் கள்ளப்போதகர்கள். இரைக்கு அகப்படுகிறவர்கள் உறுதியற்ற ஆத்துமாக்களும், தவறான வழியிலிருந்து இப்பொழுதுதான் தப்பிவந்தவர்களுமே.

இதைச் சற்று நிதானித்துச் சிந்தியுங்கள். மீனவராயிருந்து மனுஷரைப் பிடிக்க அழைக்கப்பட்ட பேதுருவின் பெயரைத் தாங்கிய நிருபம், இரை என்னும் சொல்லை ஊழியத்திற்குப் பயன்படுத்தவில்லை. ஊழியத்தைக் கெடுக்கிறவர்களுக்கே அதை ஒதுக்கிவைத்திருக்கிறது.

லூக்கா 5:10-இல் ஆண்டவர் பேதுருவுக்குக் கொடுத்த பணியைக் குறிக்கும் சொல் வேறு. ஸோக்ரெயோ என்னும் அந்த வினைச்சொல்லுக்கு உயிரோடு பிடித்தல் என்பது பொருள். எரிகோ அழிந்தபோது ராகாபும் அவள் வீட்டாரும் உயிரோடு காக்கப்பட்டதைக் கூறுமிடத்தில், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு யோசுவா 6:25-இல் இதே சொல்லை வழங்குகிறது. மீன் வலைக்குள் வந்தால் சாகும். பேதுருவின் வலைக்குள் வருகிற மனிதன் பிழைக்கவேண்டும். உவமை அவ்விடத்தில் தலைகீழாகத் திருப்பப்படுகிறது.

வலை என்றாலே தூயது என்று நான் கூறவில்லை. ஆபகூக் 1:15-இல் கொடுங்கோலன் தூண்டிலாலும் வலையாலும் ஜனங்களை வாருகிறான். 2 தீமோத்தேயு 2:26-இல் உயிரோடு பிடித்தல் என்னும் அதே சொல் பிசாசின் கண்ணியைக்குறித்து வருகிறது. ஆகையால் கருவி எதுவென்பதைவிட, முள் மறைக்கப்பட்டிருக்கிறதா என்பதே முக்கியமான கேள்வி.

நம் நாட்களின் இரை

இப்பொழுது நம் ஊர்களுக்கு வருவோம். பாளையங்கோட்டையிலிருந்து ஏரல் வரைக்கும், அம்பாசமுத்திரத்திலிருந்து நாசரேத்து வரைக்கும் சுவரொட்டிகளைப் பாருங்கள். கடன் தீரும், வழக்கு ஜெயமாகும், குழந்தை பிறக்கும், விசா கிடைக்கும், தீராத வியாதி தீரும் என்கிறார்கள். இவற்றுக்காக ஜெபிப்பது நம் கடமை. தேவன் குணமாக்குகிறார் என்பது என் விசுவாசம். ஆனால் தேதியும் நேரமும் மேடையும் குறித்து அற்புதத்தை வாக்களிப்பது விசுவாசமன்று. ஜனங்களின் துயரம் எந்த ஆழத்தில் இருக்கிறதென்று அளந்து, அந்த ஆழத்திற்கு ஈயக்குண்டை இறக்கும் வேலை அது. பசியில்லாதவர்களுக்கும் இரை இருக்கிறது. சாதிப் பெருமையும் சபைப் பதவியும் காட்டி, அடுத்த சபையின் குடும்பங்களை இழுப்பதும் இதில் அடங்கும்.

நம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு தையற்காரர் இருக்கிறார். நீரிழிவு நோயாளி. ஒரு கூட்டத்தில் கைதூக்கச் சொன்னார்கள், தூக்கினார். சுகமாயிற்று என்று மேடையிலிருந்து அறிவித்தார்கள். இனி மருந்து எடுப்பது அவிசுவாசம் என்றும் கூறினார்கள். இன்சுலினை நிறுத்தினார். சில மாதங்களுக்குள் காலில் புண் புரையோடி, பாதத்தின் ஒரு பகுதியை எடுக்கவேண்டியதாயிற்று. தையல் இயந்திரத்தை மிதித்துவந்த கால் அது. அறிவித்தவர்கள் அதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். கவ்வி கயிற்றை விட்டபின் ஈயக்குண்டுக்கு மீனோடு என்ன தொடர்பு?

அவர் தேவனைத் தூஷிக்கவில்லை. ஆனால் ஆலய வாசலுக்கு வருவதில்லை. நான் போனால் நாற்காலி போடுவார், தேநீர் வரும், மழையைப்பற்றியும் கால்வாயில் தண்ணீர் திறந்ததைப்பற்றியும் பேசுவார். ஜெபிக்கட்டுமா ஐயா என்று கேட்டால், "இன்னொரு நாள் பார்க்கலாம் ஐயரே" என்பார். முள்ளிலிருந்து தப்பிய மீன், நல்ல உணவு அருகில் வந்தாலும் விலகுகிறது. அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை.

அரிசியும் ஆஸ்பத்திரியும் இரை அல்லவா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நம் திருச்சபையின் சரித்திரத்தில் இரை இல்லையா? 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானம் பெற்றபோது போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பும் கூடவே வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். அரிசிக் கிறிஸ்தவர்கள் என்ற ஏளனப் பெயர் அத்தகையோருக்கு வழங்கியது. பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் இரையே என்று இன்றும் சொல்லுகிறவர்கள் உண்டு.

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக்கூடாது. அரசியல் பாதுகாப்போடு கலந்துவந்த மதமாற்றத்தில் இரையின் சாயல் இருந்தது என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் 1542-இல் வந்த சவேரியார், அம்மக்கள் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள் என்று திருப்தியடையவில்லை. விசுவாசப் பிரமாணத்தையும் ஜெபங்களையும் தமிழில் பெயர்க்கச் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, ஊர் ஊராய்க் கற்பித்தார். இழுத்தவர்கள் விட்டுப்போன இடத்தில் ஒருவர் தங்கினார்.

பஞ்சத்தில் கொடுத்த அரிசியோ வேறு. உணவுக்கும் இரைக்கும் உள்ள வேற்றுமையைத் தாமிரபரணிக் கால்வாய் ஓரத்தில் கெண்டைக்குத் தூண்டில் போடும் சிறுவனும் அறிவான். குளத்தில் பொரி போடுகிறவன் மீனுக்கு உணவு போடுகிறான். மண்புழுவுக்குள் முள்ளைக் கோர்க்கிறவன் இரை வைக்கிறான். பசித்தவனுக்கு அரிசி கொடுத்து, நீ சபைக்கு வந்தாலும் வராவிட்டாலும் நாளைக்கும் இது உண்டு என்றால் அது உணவு. வராவிட்டால் நிறுத்தப்படும் என்றால் அதே அரிசி இரையாகிறது. நம் ஆஸ்பத்திரிகளையும் பள்ளிகளையும் இந்த அளவுகோலால் நாமே முதலில் அளந்துபார்க்கவேண்டும். பிறர் அளக்கும்வரை காத்திருக்கக்கூடாது.

ஆண்டவர் செய்தது என்ன? யோவான் 6-ஆம் அதிகாரத்தில் அப்பம் புசித்த திரள் மறுநாளும் அவரைத் தேடி வந்தது. கூட்டம் சேர்க்க விரும்புகிறவனுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. அவரோ, நீங்கள் வயிறு நிரம்பினதால் தேடுகிறீர்கள் என்ற கருத்தை அவர்கள் முகத்துக்கு முன்பாகவே வெளிப்படுத்தினார். சிலுவையின் கடினமான உபதேசத்தை மறைக்கவில்லை. அநேகர் பின்வாங்கிப் போனார்கள். அவர் துரத்திப் பிடிக்கவில்லை. பன்னிருவரைப் பார்த்து, நீங்களும் போக விரும்புகிறீர்களா என்று கேட்டார். தூண்டில் போடுகிறவன் இப்படிக் கேட்கமாட்டான். முள்ளில் அகப்பட்ட மீனுக்குப் போகும் உரிமை இல்லை. கிறிஸ்துவினிடம் வந்தவனுக்கு அது இருக்கிறது. அந்த உரிமை இருந்தும் தங்குகிறவனே சீஷன்.

நாம் செய்யத்தக்கவை

வரும் மாதங்களில் கூட்டங்களை ஒழுங்குசெய்யும் சபைச் சங்கத்தாருக்கும் வாலிபர் ஐக்கியத்தாருக்கும் சிலவற்றை ஆலோசனையாகக் கூறுகிறேன். நம்மால் கொடுக்கமுடியாத எதையும் சுவரொட்டியில் அச்சிடாதிருங்கள். வேதபாடம், ஜெபம், ஐக்கியம் என்று மட்டும் அச்சிட்டால் போதும். சுகத்தைக்குறித்த சாட்சியை, மருத்துவர் உறுதிசெய்யும்வரை மேடையேற்றாதிருங்கள். மருந்தை நிறுத்தும்படி எவரும் எந்த வார்த்தையிலும் சொல்ல இடங்கொடாதிருங்கள். முதன்முறை வருகிறவர்கள் முன்னால் காணிக்கைப் பையைக் கொண்டுபோகாதிருங்கள். அடுத்த சபையின் விசுவாசி வந்தால், அவருடைய போதகருக்குத் தெரிவித்து அனுப்புங்கள். அந்தப் படகிலிருப்பவர்கள் நம் கூட்டாளிகள். கூட்டம் முடிந்தபின், வந்தவர்களின் வீடுகளுக்குப் போக ஆட்கள் இல்லையென்றால், கூட்டத்தையே தள்ளிவையுங்கள்.

இப்படிச் செய்தால் கூட்டம் குறையாதா என்று கேட்பீர்கள். குறையலாம். பேதுருவும் இராமுழுதும் பிரயாசப்பட்டு ஒன்றும் அகப்படாமல் கரையேறினவர்தான். அந்த வெறும் படகில்தான் ஆண்டவர் ஏறி உட்கார்ந்து போதித்தார். வலை வெறுமையாயிருப்பதைக் குற்றமாக அவர் எண்ணவில்லை. இரை வைத்து நிரப்பு என்றும் சொல்லவில்லை. ஆழத்திற்குப் போகச் சொன்னார்.

ஜெபம்: எங்கள் ஆண்டவரே, துயரப்படுகிறவர்களின் தேவையை அறியும்போது, அதைக் கருவியாக்காமல் சுமையாகத் தாங்க எங்களுக்குக் கிருபை தாரும். எங்கள் வார்த்தைகளுக்குள் முள் மறைந்திருந்தால் அதை எடுத்துப்போடும். காயப்பட்டு விலகி நிற்கிறவர்களின் வீடுகளில், அவர்கள் கதவைத் திறக்கும் நாள்வரை, பொறுமையாய்க் காத்திருக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.